டிராயருக்குள் போன வயர்

கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி உக்காருறீங்களா சார்? இங்க இருந்தாத்தான் அந்தக் கண்ணாடி வழியா உள்ள நடக்குறது தெரியுது. கோவிச்சுக்காதீங்க. என் ஹார்டு டிஸ்க்கு ரிப்பேருக்கு உள்ள இருக்கு. நான் கண்ண எடுத்தேன்னு வைங்க, திரும்பி வர்றது என் டிஸ்க்குத்தானான்னு யாரு சொல்றது?

நீங்க என்னத்துக்கு வந்திருக்கீங்க? லேப்டாப்பா. காப்பி ஊத்திருச்சா? அடப்பாவமே. எந்த ஊரு சார்? மேலூரா. அருப்புக்கோட்டையில சொந்தபந்தம் யாரும்? இல்ல? கல்யாண வீடியோ எடுக்குற ஆளு, ஸ்டூடியோ வச்சிருக்கிற ஆளு யாரும் பழக்கமில்லையே? அப்பச் சரி. கேட்டுக்கிறது நல்லதுதான் சார். பூபாலனுக்கு எங்கெங்க ஆளு இருக்குன்னு எனக்கே தெரியாது.

என் பேரு தனுஷ்கோடி. அருப்புக்கோட்டையில கோடி வீடியோஸ்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. இருவத்தாறு வருசம், கேசட் காலத்துல இருந்து. எங்க ஊர்ல பாதிப் பேரு தாலி கட்டுனத நான் பாத்திருக்கேன். மீதிப் பாதி என் கேமரா பாத்திருக்கு.

உள்ள நீலக் கையுறை போட்டுட்டுக் குனிஞ்சிருக்காரே, அவருதான் டிஸ்க்க வாங்குனாப்ல. "குடுத்துட்டுப் போங்க, நாலு நாள்ல சொல்றோம்"னாப்ல. அந்தக் கதையே வேணாம், என் கண்ணு முன்னாடி தொறங்கன்னேன். "தூசி படக் கூடாது சார், அந்த ரூமுக்குள்ள வச்சுத்தான் தொறக்கணும்"னாப்ல. அப்படின்னா கண்ணாடிக்கு நேரா வச்சுத் தொறங்கன்னேன். மொறச்சுப் பாத்தாப்ல. பாத்தாப் பாத்துட்டுப் போகட்டும். டிஸ்க்கு அடியில ஆணியால 'த.கோ'ன்னு கீறி வச்சிருக்கேன், மாத்த முடியாதுன்னும் சொல்லிட்டேன். சூதானமா இருக்கணும்ல?

இம்புட்டுக்கும் காரணம் என்ன தெரியுமா சார்? வேகம். எல்லாம் இந்த வேகத்த நாடிப் போனதுனால வந்த வினை.

ரெண்டர்னா என்னன்னு தெரியுமா? மூணு கேமராவுல எடுத்தத வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, கலர் பாத்து வச்சிருப்போம்ல, அத எல்லாத்தையும் சேத்து அரைச்சு ஒரே படமா ஆக்குறது. கிரைண்டர்ல மாவு அரைக்கிற மாதிரிதான். பட்டனத் தட்டிட்டு நாம தேமேன்னு உக்காந்திருக்கணும். ஒரு கல்யாணம் நாலு மணி நேரப் படம். அது அரைபட என் கம்ப்யூட்டர்ல ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரமும் அதுல வேற ஒரு சோலி பாக்க முடியாது. நடுவுல கரண்டு போச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து.

ஆறு மணி நேரம் ஆனா ஆகட்டும்னு நானும் பேசாமத்தான் இருந்தேன். பூபாலன் என்ன பண்ணான் தெரியுமா? காலையில தாலி கட்டுறாங்க. மத்தியானம் மொத பந்தி எந்திரிக்கிறதுக்குள்ள மண்டபத்துல பெரிய திரையில தாலி கட்டுனது ஓடுது! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாயசத்த வாயில வச்சுக்கிட்டு அண்ணாந்து பாக்குறாங்க. அதுக்கப்புறம் ஊருல எவன் கல்யாணம்னு வந்தாலும் மொதக் கேள்வி அதான். "அண்ணாச்சி, பந்தியிலயே போட்டுக் காட்டுவீங்கள்ல?" இருவத்தாறு வருசத் தொழிலு சார். பாயசம் ஆறுறதுக்குள்ள முடிக்கணுமாம்.

இந்தப் பூபாலன் யாருன்னு நெனைக்கிறீங்க? என்கிட்ட எடிட்டிங் பாத்த ஆளு. மவுசப் புடிக்கவே நாந்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு நாளு சொல்லாமக் கொள்ளாம வேலைய விட்டு நின்னுட்டான். ஒரு மாசத்துல பஸ்ஸ்டாண்டுக்கு எதுக்க நீலவானம் ஸ்டூடியோன்னு போர்டு. உள்ள போயிப் பாத்தா, வர்றவங்களுக்கு மாதிரிக்குப் போட்டுக் காட்டுற படம் பூராம் நான் எடுத்தது! என் காலு கடுக்க நின்னு நான் எடுத்தது! என் கம்ப்யூட்டர்ல இருந்தத வழிச்சுக் காப்பி எடுத்துட்டுப் போயிருக்கான். வயிறு எரிஞ்சு போச்சு சார். இன்னைக்கும் எரியுது.

அன்னைக்கே முடிவு பண்ணேன். இனி கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கல்யாணமும் இருக்கக் கூடாது. எல்லாம் ஒரே டிஸ்க்கு, வெளிய மாட்டுற டிஸ்க்கு. அது என் மேசை டிராயருக்குள்ள, பூட்டுப் போட்டு. ஆசாரிய வரச் சொல்லி டிராயருக்குப் பின்னாடி ஒரு ஓட்டை போட்டு, அதுவழியா நீட்டமா ஒரு வயரு. அஞ்சு மீட்டர். சுவரோரமாப் போயி, எடிட்டிங் ரூம்ல கம்ப்யூட்டருக்கு முன்பக்கம் சொருகியிருக்கும். எடிட்டிங் பண்ற ஆளு படத்தப் பாக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், டிஸ்க்கத் தொட முடியாது. கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம் இருக்குற துவாரத்த எல்லாம் எம்-சீல் பசை வச்சு அடைச்சுட்டேன், எவனும் பென்டிரைவச் சொருகிறக் கூடாதுன்னு. நான் சாப்பிடப் போனா டிஸ்க்க உருவி என் சட்டைப் பையில. கக்கூசுக்குப் போனாலும் அப்படித்தான். சிரிக்காதீங்க சார். பட்டவனுக்குத்தான் தெரியும்.

அப்பறம் வந்தா ஜெசிந்தா. வீட்டுக்காரரு ஸ்கூல் பஸ் ஓட்டுறாரு. ஒம்பது வருசம் என்கிட்ட எடிட்டிங். வேலைய நான் குறை சொல்ல மாட்டேன், சொன்னா நாக்கு அழுகிரும். நாதஸ்வரம் எங்க ஏறுது, தாலி எங்க விழுகுதுன்னு பாத்து வெட்டுவா பாருங்க, அழாதவங்களுக்கும் அழுகை வந்துரும். ஆனா கூடவே இருக்குறவங்களத்தான சார் சூதானமாப் பாக்கணும்? தூரத்துல இருக்குறவன் நம்ம என்ன பண்ணப் போறான்?

சரி, பூபாலனுக்குப் பதில் சொல்லணும்ல. போன தையில மதுரைக்கு வந்தேன். ஒரு கடைன்னு இல்ல, அஞ்சு கடை. ஒரு நோட்டு போட்டு எழுதிக்கிட்டேன். ஒருத்தன் ப்ராசசர மாத்துங்கன்றான். ஒருத்தன் ராம் பத்தாதுன்றான். ஒருத்தன் கிராபிக்ஸ் கார்டு போடுங்கன்றான். நான் ஒரு கணக்கு வச்சிருக்கேன் சார், கடைக்காரன் எத வாங்குங்கன்னு விழுந்து விழுந்து சொல்றானோ, அது அவன்கிட்ட விக்காமக் கெடக்குதுன்னு அர்த்தம். அதனால எவனும் வற்புறுத்தாதது எதுன்னு பாத்தேன். பதினாறு கோரு ப்ராசசர்னு, ஒண்ணுக்குள்ள பதினாறு மூளை மாதிரின்னு, ஒருத்தன் சும்மா பேச்சோட பேச்சாச் சொன்னான். அதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.

அந்தக் கடைக்காரரு ஒண்ணு சொன்னாப்ல. "அண்ணாச்சி, நீங்க எடுத்த கல்யாணத்துல ஒரு அஞ்சு நிமிசம் கொண்டாங்க. ரெண்டு மூணு மிசின்ல ஓட விட்டுக் காட்டுறேன். எதுல வேகம்னு பாத்துட்டு எடுத்துக்கங்க." எப்படி இருக்கு பாத்தீங்களா? என் கல்யாணத்தக் கொண்டுவந்து அவரு மிசின்ல போடணுமாம்! உங்க படத்தையே போட்டுக் காட்டுங்கன்னேன். போட்டாப்ல. பறக்குது சார்! ஒரு மணி நேரப் படம், டீ குடிச்சு முடிக்கல, அரைச்சுத் தள்ளிருச்சு. சரின்னு அதையே வாங்குனேன். அங்கயே ஒரு ஆணிய வாங்கி ப்ராசசர், போர்டு, ராமு எல்லாத்துலயும் 'த.கோ' கீறிட்டேன். "உள்ளுக்குள்ள பெரிசா ஒரு டிஸ்க்கும் போட்டுக்கங்க அண்ணாச்சி, இந்த ப்ராசசருக்கு அதுதான் வேகமாச் சோறு போடும்"னாப்ல. வேணாம்னேன். உள்ள போட்டா நாளைக்கு ரிப்பேருக்கு வரும்போது உருவிக்கலாம்ல? எனக்குத் தெரியாதாக்கும்.

ஸ்டூடியோவுக்குக் கொண்டாந்து, பின்பக்கத்த மறுபடி எம்-சீல் வச்சு அடைச்சு, வயர மாட்டி ரெண்டர் போட்டேன். ஆறு மணி நேரம் ஆச்சுல்ல? அஞ்சே முக்கால்.

எனக்குக் கண்ணு இருட்டிருச்சு சார். பதினாறு கோரு! ஜெசிந்தாதான் திரையில ஒரு ஜன்னலத் தொறந்து காட்டுனா, ப்ராசசர் எம்புட்டு வேலை பாக்குதுன்னு கோடு கோடா ஓடும். பாத்தா பதினாறுல ரெண்டுதான் லேசா அசையுது. மத்தது பூராம் படுத்துக் கெடக்கு. பதினாறு பேரக் கூலிக்குக் கூப்பிட்டு, பதினாலு பேரு வெத்தல போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா எப்படி இருக்கும்?

"அண்ணே, ப்ராசசர் மேல தப்பில்லண்ணே"ன்னா. "அது ரெடியாத்தான் இருக்கு. டிஸ்க்குல இருந்து படம் வந்து சேர மாட்டேங்குது. வயரு பழசு, நீளம் வேற. ரோடு அடைச்சிருந்தா கார மாத்தி என்னண்ணே?" அப்படின்னா. நான் அவ முகத்தையே பாத்தேன். ப்ராசசர் பத்தி இம்புட்டு வக்கணையாப் பேச இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அப்படித்தான சார் தோணும்?

மிசினத் தூக்கிக்கிட்டு நேரா மதுரைக் கடைக்குப் போனேன். காட்டுன மிசின் வேற, குடுத்தது வேறன்னு சண்டை. அவரு என் ப்ராசசர எடுத்து என் முன்னாடியே காட்டுறாப்ல, 'த.கோ' இருக்கு. இருந்தா? என் கீறலப் பாத்து அதே மாதிரி இன்னொண்ணுல கீறியிருக்க முடியாதா? கேட்டேன். அவரு மிசினத் திருப்புனாப்ல. பின்பக்கம் எம்-சீலத் தடவிப் பாத்துட்டு, "அண்ணாச்சி, வேகமாப் போற வழி பூராம் இங்கதான இருக்கு. இத ஏன் அடைச்சீங்க?"ன்னாப்ல. அது உங்களுக்குத் தேவையில்லாததுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

சித்திரையில கிராபிக்ஸ் கார்டு வாங்குனேன். இந்தத் தடவ மூணு மாசம் படிச்சேன் சார். செல்லுல ஒவ்வொருத்தனும் வீடியோ போட்டு டப்பாவப் பிரிச்சுக் காட்டுறான்ல, அத்தனையும் பாத்தேன். எவன் எந்தக் கம்பெனிக்காரன்ட்ட வாங்கித் தின்னுட்டுப் பேசுறான்னும் நோட்டுல எழுதுனேன். வீடியோவ அரைக்கிறதுக்குன்னே உள்ள தனியா ஒரு சில்லு இருக்குன்னாங்க. செங்கல் கணக்கா கனம். பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டே வந்தேன், காரியாபட்டியில இறங்கி ஒரு டீ கூடக் குடிக்கல. மாட்டுனோம். அஞ்சே முக்கால், அஞ்சரை ஆச்சு. கார்டுல மூணு காத்தாடி இருக்கு, ஒண்ணு கூடச் சுத்தல. சூடானாத்தான் சுத்துமாம். வேலை பாத்தாத்தான் சூடாகுமாம்.

அப்பத்தான் சார் எனக்குப் பொறி தட்டுச்சு. ப்ராசசர் ஒரு கடை. கார்டு வேற கடை. ரெண்டு பேரும் கூடிப் பேசி ஏமாத்த முடியாதுல்ல? அப்படின்னா குறை கடையில இல்ல. என் ரூமுக்குள்ள இருக்கு. ஜெசிந்தாதான் எதையோ அணைச்சு வைக்கிறா! நான் வேகமா முடிச்சா யாருக்கு நட்டம்? பூபாலனுக்கு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் அவ சர்ச்சு வாசல்ல அவன்கூட நின்னு பேசுனத நானே பாத்தேன். கேட்டதுக்கு, "அவரு பொண்டாட்டிக்கு ஆபரேசன்ணே, செபம் பண்ணச் சொன்னாரு"ன்னா. ஆபரேசன் நடந்தது நெசந்தான், விசாரிச்சேன். ஆனா செபத்துக்கு அம்புட்டு நேரமா?

அவ தலைக்கு மேல ஒரு கேமரா மாட்டுனேன். என் மேசையில இருந்து அவ திரையப் பாத்துக்கிட்டே இருப்பேன். முந்தியெல்லாம் வேலை பாக்கும்போது எதையாச்சும் முணுமுணுன்னு பாடிக்கிட்டே இருப்பா. கேமரா மாட்டுனதுக்கப்பறம் பாடல. ஏன் நிறுத்தணும்? யோசிங்க.

இப்ப உள்ள இருக்குற விசயத்துக்கு வர்றேன். ஆவணியில ஒரு கல்யாணம். இருளப்பன்னு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அவரு மக தேன்மொழிக்கு. பேசாத மனுசன் சார் அவரு. வீட்டுலயும் அப்படித்தானாம், சாப்பாட்டுக்குக் கூட கையத்தான் அசைப்பாராம். முகூர்த்தத்தன்னைக்குக் காலையில பொண்ணு ரூம்ல நான் மட்டும் கேமராவோட நிக்கிறேன், அலங்காரம் நடக்குது. உள்ள வந்தாரு. எல்லாரையும் வெளிய போகச் சொன்னாரு. நானும் கெளம்புனேன். "நீங்க இருங்க தனுஷ்கோடி, எடுங்க"ன்னாரு. கதவச் சாத்திட்டு மகளுக்கு எதுக்க உக்காந்தாரு.

பன்னெண்டு நிமிசம் பேசுனாரு சார். "நீ பொறந்தன்னைக்கு நான் வரலம்மா. ஸ்கூல்ல இன்ஸ்பெக்சன். மூணு நாள் கழிச்சுத்தான் வந்து பாத்தேன். இருவத்தஞ்சு வருசமா அதச் சொல்லணும்னு நெனச்சு நெனச்சு வாய் வரல"ன்னாரு. அப்படி ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா, மக மொத மொதல்ல சைக்கிள் ஓட்டுனது, காச்சல்ல கெடந்தது, காலேஜுக்கு அனுப்ப யோசிச்சது, எல்லாத்தையும். எல்லாம் மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்காரு. அந்தப் புள்ள அழுது மை பூராம் கரைஞ்சு போச்சு. எனக்குக் கேமராவ ஆடாமப் புடிக்கிறது பெரும்பாடாப் போச்சு சார். இருவத்தாறு வருசத்துல நான் அப்படி ஒண்ணு எடுத்ததில்ல.

பத்தொம்பதாவது நாளு மாரடைச்சு எறந்துட்டாரு.

புரட்டாசியில அந்தப் புள்ள கடைக்கு வந்துச்சு. "அண்ணே, கல்யாண வீடியோ எப்ப வேணா குடுங்க. அப்பா பேசுனது மட்டும் இப்பக் குடுங்க. எங்கப்பா என்கிட்ட அம்புட்டுப் பேசுனது அன்னைக்கு மட்டுந்தான்"னுச்சு. எனக்கும் மனசு இருக்குல்ல சார். கொடுத்திரலாம்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா துண்டா ஒண்ணு வெளிய போச்சுன்னா அது எங்கெங்க போகும்? இன்னைக்கு அந்தப் புள்ள செல்லுல, நாளைக்கு சொந்தக்காரங்க செல்லுல, அடுத்த வாரம் பூபாலன் கடையில மாதிரிக்கு ஓடும்! முழுசாத் தாறேம்மா, பேரெல்லாம் போட்டு, அப்பா படத்துக்கு முன்னாடி விளக்கு எரியிற மாதிரி வச்சு, நல்லா முடிச்சுத் தாறேன்னு அனுப்பிட்டேன். போகும்போது திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போச்சு.

அந்தப் புள்ள படியிறங்கல, ஜெசிந்தா எந்திரிச்சு வந்துட்டா. "பன்னெண்டு நிமிசந்தானண்ணே. ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துருவோம். அப்படியே இன்னொரு காப்பியும் எடுத்து நீங்களே பூட்டி வச்சுக்கங்க. அந்த டிஸ்க்கு வர வர ஒரு மாதிரி சத்தம் போடுதுண்ணே. டிராயருக்குள்ள காத்தே இல்ல, கொதிக்குது. ஒரே டிஸ்க்குல அத்தனை பேரு கல்யாணமும் இருக்கு"ன்னா.

காப்பி. அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்குக் கை தானா டிராயர்ப் பூட்டுக்குப் போயிரும் சார். ஒம்பது வருசம் கேக்காதவ இன்னைக்கு என்னத்துக்குக் கேக்குறா?

ஐப்பசி மொத வாரம் ஒரு நாளு சாயங்காலம் அவ கெளம்பும்போது பையக் குடுன்னேன். புரியாத மாதிரி பாத்தா. பையத் தொறன்னேன். டிபன் பாக்ஸ், கொடை, மருந்துச் சீட்டு, ஒரு பென்டிரைவு! அங்கயே மவுச உருவிட்டு அந்தத் துவாரத்துல சொருகிப் பாத்தேன். சண்டே ஸ்கூல் புள்ளைங்க கோரஸ் பாடுறது. ஒவ்வொரு பாட்டாத் தொறந்து பாத்தேன், உள்ள எதையாச்சும் ஒளிச்சு வச்சிருக்கலாம்ல? அரை மணி நேரம். அவ பஸ்ஸு போயிருச்சு. நின்னுக்கிட்டே இருந்தா. "பாத்து முடிச்சுட்டீங்களாண்ணே"ன்னு கேட்டா. ஒண்ணும் இல்லன்னேன். பென்டிரைவ வாங்கிப் பையில போட்டுக்கிட்டா. "நாளையில இருந்து வரலண்ணே"ன்னுட்டு இறங்கிப் போயிட்டா. கத்தல, அழுகல.

தப்பு பண்ணாதவ எதுக்கு சார் வேலைய விட்டுப் போகணும்? நீங்களே சொல்லுங்க. ஏன் குனிஞ்சுக்கிட்டீங்க?

சரி, அது போகட்டும். அப்பறம் நானே உக்காந்தேன். தேன்மொழி வாரம் ஒருக்கா போன் போடும். "அண்ணே, அப்பா..."ன்னு ஆரம்பிக்கும், அப்படியே போன வச்சிரும். இனி வைக்கக் கூடாது, ஒரே நாள்ல அரைச்சுக் குடுத்துறணும்னு கார்த்திகையில மறுபடி மதுரைக்கு வந்தேன். பழசெல்லாம் தள்ளிட்டுப் புது மிசினு. இருக்குறதுலயே பெரிய ப்ராசசர், பெரிய கார்டு, தண்ணி ஓடிச் சூடு தணிக்கிறது, எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பளபளன்னு. ராசா மாதிரி. அந்தப் புள்ளைக்காகத்தான் வாங்குனேன் சார், சத்தியமா. பின்பக்கத்த அன்னைக்கே எம்-சீல் வச்சு அடைச்சேன். டிராயருல இருந்து வர்ற வயர மாட்டுனேன். விளக்கெல்லாம் வச்சு, பேரெல்லாம் போட்டு, போன செவ்வாக்கெழமை காலையில ரெண்டர் போட்டேன்.

நாப்பது சதவீதத்துல நின்னுருச்சு. ஒரு மணி நேரம் நிக்குது, நகரவே இல்ல. புது மிசினுக்குள்ளயும் எதையோ மாத்தி வச்சுட்டான்னு கடைக்காரனுக்குப் போன் போட்டு வஞ்சுக்கிட்டிருக்கேன். டிராயருக்குள்ள டக்கு டக்குன்னு சத்தம். பூட்டத் தொறந்து தொட்டா, தோசைக்கல்லு சார், விரல வைக்க முடியல. உருவி மறுபடி சொருகுனேன். டக்கு டக்கு. அவ்வளவுதான். அதுக்கப்பறம் கம்ப்யூட்டரு அப்படி ஒண்ணு இருக்கறதாவே காட்ட மாட்டேங்குது. கேமராவுல இருந்த மெமரி கார்டெல்லாம் டிஸ்க்குல ஏத்துன அன்னைக்கே அடுத்த முகூர்த்தத்துக்காக அழிச்சாச்சு. தொழில்ல அது வழக்கம்.

இருங்க சார். எந்திரிச்சுட்டாரு. கையுறையக் கழட்டுறாரு. இங்குட்டுத்தான் வர்றாரு.

கேட்டீங்களா சார், என்ன சொல்றாருன்னு? டிஸ்க்குக்குள்ள இருக்குற தட்டு பூராம் கீறிருச்சாம். படிக்கிற ஊசி அது மேல விழுந்து, உரசிக்கிட்டே சுத்தியிருக்காம், மாசக்கணக்காத் தேஞ்சிருக்காம். ஒண்ணும் வராதாம். டிஸ்க்க என் கையிலயே குடுத்துட்டாரு. என் கீறல் இருக்கு, 'த.கோ', இந்தா. என்னுதுதான். "வேற எங்கயாச்சும் காப்பி இருக்கான்னு யோசிங்க சார், அது ஒண்ணுதான் வழி"ன்றாரு. காப்பியாம். என்கிட்டயா கேக்குறாரு?

கொஞ்சம் இருங்க. இருங்க சார், போயிறாதீங்க, உங்க லேப்டாப்பு இன்னும் வரலைல்ல. எனக்கு ஒண்ணு தோணுது. ஜெசிந்தா. அவதான அந்தப் பன்னெண்டு நிமிசத்தையும் வெட்டுனா. வெட்டும்போது ஹெட்போனக் கழட்டி வச்சுட்டு அழுதா, நான் கேமராவுல பாத்தேன். சும்மா விட்டிருப்பாளா? எடுத்திருப்பா. பையில சிக்கலைன்னா என்ன, வேற எப்படியாச்சும் எடுத்திருப்பா! நான்தான் சொன்னேன்ல, அவ கெட்டிக்காரின்னு. இருங்க, போன் போடுறேன். ஐயா முருகா, எடுத்திருக்கணும்.

ஜெசிந்தா? நான்தாம்மா. கோடி அண்ணன். வச்சுறாத, வச்சுறாதம்மா. ஒண்ணே ஒண்ணு. இருளப்பன் சாரு பேசுனது இருக்குல்ல, அத நீ காப்பி எடுத்து வச்சிருக்கியா? இல்லம்மா, சண்டைக்குக் கேக்கல. சத்தியமாச் சண்டைக்கு இல்ல. எடுத்திருந்தாத் தப்பே இல்ல. பூபாலனுக்கே குடுத்திருந்தாலும் பரவாயில்லம்மா, நான் அவன்கிட்ட நேர்ல போய்க் கேட்டு வாங்கிக்கிறேன், கால்ல வேணும்னாலும் விழுகுறேன். டிஸ்க்கு போயிருச்சும்மா. ஆமா. பூராமும். ஆமா, அதுவும். நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு துண்டு? குரல் மட்டுமாச்சும்? செல்லுல திரையப் பாத்துப் புடிச்சது எதுவும்?

வச்சுட்டா சார்.

இல்லையாம். "நீங்க எடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்கள்லண்ணே, நான் எடுக்கல"ன்றா. அழுகுறா. எனக்காக இல்ல, அந்தப் புள்ளைக்காக. ஒம்பது வருசத்துல ஒரு கல்யாணத்தக் கூட, ஒரு நிமிசம் கூட எடுக்கலையாம்.

பொய் சொல்றா சார். இருக்கு, குடுக்க மாட்டேங்குறா. பையப் பாத்தேன்ல, அந்தக் கோவம். இருக்கட்டும், கோவம் இருக்கத்தான் செய்யும். நாளைக்கு வீட்டுக்கே போறேன், அவ வீட்டுக்காரரு காலப் புடிக்கிறேன். ஒம்பது வருசம் பக்கத்துல உக்காந்து, அம்புட்டும் கைக்கெட்டுற தூரத்துல இருந்து, ஒண்ணக் கூடவா எடுக்காம இருந்திருப்பா? அப்படி ஒருத்தி இருக்க முடியுமா சார்? சொல்லுங்க. எடுத்திருப்பான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.